சபை ரசீது இருந்தால் ‘லைசென்ஸ் உள்ள கொன்றாக்டர்’ என்று போர்டு போடலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. சுன்னாகம் பக்கம் வீட்டு வயரிங் வேலை செய்கிறேன். பத்து வருடத்துக்கு மேல் ஒரு மாஸ்ரரோடு நின்று பழகி, இப்போது தனியாக எடுத்துச் செய்கிறேன். கூட இரண்டு பொடியன்கள் நிற்கிறார்கள். ரொறன்ரோவில் இருக்கிற ஒருவர் இங்கே தாயார் இருக்கும் பழைய வீட்டுக்கு முழுதாக வயரிங் மாற்றித் தரச் சொல்கிறார். ஆனால் “நகரசபை லைசென்ஸ் இருக்கிறதா?” என்று கேட்கிறார். எங்கள் பிரதேச சபையில் விசாரித்தால், வியாபார வரி கட்டினால் ரசீது தருவோம் என்கிறார்கள். அதை வைத்து ‘அரச அனுமதி பெற்ற மின் ஒப்பந்தகாரர்’ என்று போர்டு போடலாமா? சபையின் தெருவிளக்கு வேலைக்கு விண்ணப்பிக்க அது போதுமா? சோலார் வேலையும் எடுக்கலாமா?

பதில்:

போடக் கூடாது தம்பி. ரசீது உண்மையானதுதான். ஆனால் அது சொல்லாத ஒன்றை அதன் பெயரில் போர்டில் எழுதப் போகிறீர்கள். சபைக்காரர்களும் உங்களை ஏய்க்கவில்லை. தங்களிடம் எது இருக்கிறதோ அதைத் தருகிறோம் என்றிருக்கிறார்கள்.

பிரதேச சபைகள் நடப்பது 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ். அதன்படி சபை சில தொழில்களுக்கு அனுமதிப்பத்திரம் கொடுக்கும், வேறு சிலவற்றுக்கு வரி மட்டும் அறவிடும். சாப்பாட்டுக் கடை, பேக்கரி, சலூன் எல்லாம் முதல் வகை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து இடத்தைப் பார்ப்பார், குறை இருந்தால் திருத்தச் சொல்வார். ஒப்பந்தகாரர்கள் பெரும்பாலும் இரண்டாம் வகைக்குள் வருகிறார்கள். முந்திய வருடத்து வருமானத்தைப் பார்த்து வரி. எவ்வளவு என்பதைச் சபை தீர்மானித்து வர்த்தமானியின் உள்ளூராட்சிப் பகுதியில் பிரசுரிக்கும். டிசெம்பர் 31 வந்தால் அந்த வருடத்துக் கணக்கு முடிந்தது. ஆக, சபை பார்ப்பது இடத்தையும் வருமானத்தையும். நீங்கள் வயரை எப்படி முடிக்கிறீர்கள், ஏர்த்தை எங்கே நடுகிறீர்கள் என்று பார்க்க அங்கே ஆளும் இல்லை, அதற்கு அவர்களிடம் அதிகாரமும் இல்லை. யாழ்ப்பாணம் மாநகர சபைக்குள் போனாலும், சாவகச்சேரி, பருத்தித்துறை நகர சபைகளுக்குள் போனாலும் சட்டத்தின் பெயர் மாறுமே தவிர விசயம் இதுதான்.

அதற்காக வரியைக் கட்டாமல் விட வேண்டாம். கட்டுங்கள். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரையும் பதியுங்கள். கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலோடு போனால் அது பெரிய அலைச்சல் இல்லை. இந்த இரண்டும் இருந்தால் வியாபாரப் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்கலாம், பில் புத்தகம் அடிக்கலாம், வெளிநாட்டுக்காரர் அனுப்பும் காசுக்குக் கணக்குக் காட்டலாம். நாளைக்கு மோட்டர் வைண்டிங் பட்டறை ஒன்றைப் போடுகிறீர்கள் என்றால் சபையின் பங்கு இன்னும் கூடும். வார்னிஷ் மணம், சத்தம், பக்கத்து வீட்டுக்காரரின் முறைப்பாடு எல்லாம் அங்கேதான் போய் நிற்கும்.

ரொறன்ரோக்காரர் கேட்டதையும் வேடிக்கையாக எடுக்காதீர்கள். ஒன்ராறியோவில் 2007 ஜனவரி வரைக்கும் மின் ஒப்பந்தகாரர்களுக்கு லைசென்ஸ் கொடுத்தவை அந்தந்த நகரசபைகள்தான். அதன் பிறகு மாகாணம் முழுவதுக்கும் ஒரே முறையாக்கி, அங்குள்ள மின் பாதுகாப்பு அதிகாரசபையிடம் கொடுத்தார்கள். முன்னுக்குப் போய் இருந்தவர்களின் மனதில் ‘சிற்றி லைசென்ஸ்’ என்ற பேச்சு இன்னும் கிடக்கிறது. தமிழ்நாட்டிலும் இது நகராட்சி வேலை இல்லை. மாநில அரசின் மின் உரிமம் வழங்கும் வாரியம் பார்க்கிறது. எங்கள் இலங்கையில் மின்சாரத்துறையை ஒழுங்குபடுத்துவது கொழும்பில் இருக்கிற பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு. ‘எங்கள் ஊரில் சபை இதற்கு லைசென்ஸ் கொடுப்பதில்லை, அதற்குப் பதிலாக என்னிடம் இருப்பவை இவை’ என்று அவருக்கு நேராக எழுதுங்கள். மறைத்து ரசீதைப் படம் எடுத்து அனுப்பினால், அவர் இங்கே தெரிந்த யாரிடமாவது கேட்காமலா விடுவார்?

சரி, உங்களிடம் என்ன இருக்க வேண்டும்?

முதலில் தேசிய தொழிற்றகைமை, அதுதான் என்.வி.கியூ. மின்னியலாளர்களுக்கு அனுமதிப்பத்திரம் என்று ஆணைக்குழு பல வருடங்களாக முன்னெடுத்து வரும் ஏற்பாட்டுக்கும் அடிப்படை என்.வி.கியூ 3ஆம் மட்டம்தான். நீங்கள் 4ஐக் குறிவையுங்கள். மேற்பார்வை இல்லாமல் தானாக நின்று வேலையை முடிக்கக் கூடியவர் என்று அந்த முறைமை சொல்வது 4ஆம் மட்டத்தைத்தான், தனியாக ஒப்பந்தம் எடுக்கிறவருக்கு அதுதான் பொருத்தம்.

‘இந்த வயதில் திரும்பப் படிக்கப் போகவா?’ என்று நினைப்பீர்கள். பிறவுண் வீதி தொழில்நுட்பக் கல்லூரியில் பொடியன்களோடு வாங்கில் இருக்கத் தேவையில்லை. முன்கற்றலை அங்கீகரிக்கும் வழி ஒன்று இருக்கிறது. நைற்றாவின் (தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை) மாவட்ட அலுவலகத்திலோ தொழிற்பயிற்சி அதிகாரசபையிலோ விண்ணப்பிக்கலாம். செய்த வேலைகளின் படங்கள், வீட்டுக்காரர்களும் பழைய மாஸ்ரரும் தந்த கடிதங்கள் என்று ஒரு கோப்புச் சேர்க்க வேண்டும். மதிப்பீட்டாளர் உங்களைச் செய்யவைத்துப் பார்ப்பார், கேள்வி கேட்பார். குறை தெரிந்தால் அந்தப் பகுதிக்கு மட்டும் பயிற்சி எடுத்துவிட்டுத் திரும்பி வரலாம்.

இதில் அனுபவசாலிகள் தடுக்கி விழுவது கைவேலையில் அல்ல. வளைவு, கொண்டியூட், போர்டு அடுக்குவது எல்லாம் அவர்களுக்குத் தண்ணீர் பட்டபாடு. ‘பிளக் சேர்க்கிற்றுக்கு ஏன் 7/0.67 வயர் போட்டீர்கள், அதை ஏன் லைற் சேர்க்கிற்றுக்குப் போடவில்லை?’ என்று கேட்டால்தான் வாய் கட்டிப் போகிறது. மாஸ்ரர் போட்டார், நானும் போட்டேன் என்பது மதிப்பீட்டாளருக்குப் பதில் இல்லை. 1/1.13 என்றால் 1 சதுர மில்லிமீற்றர், 7/0.67 என்றால் 2.5, 7/1.04 என்றால் 6. இவற்றில் எவ்வளவு அம்பியர் போகும், சுவருக்குள் நாலு வயர் ஒரே குழாயில் நெருங்கிக் கிடந்தால் அது ஏன் குறையும், பிரேக்கர் ஏன் வயரைக் காப்பதற்கே தவிர அயன்பொக்ஸைக் காப்பதற்கு இல்லை என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். கூட நிற்கிற பொடியன்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். அதைவிட நல்ல ஒத்திகை இல்லை.

யாழ்ப்பாணத்தில் என் வயதுக்காரர் பலருக்குத் தாள் இல்லாமல் போனதற்குக் காரணம் உண்டு. யுத்த காலத்தில் குடாநாடு தேசிய மின்வலையிலிருந்து அறுந்து கிடந்தது. கிளிநொச்சியிலிருந்து சுன்னாகத்துக்கு உயர் அழுத்தக் கம்பி வந்து மறுபடி இணைந்தது 2013 அளவில்தான். இடைப்பட்ட காலத்தில் ஜெனரேற்றரோடும் பற்றரியோடும் மல்லுக்கட்டித் தொழில் பழகியவர்களிடம் ‘எங்கே சேர்ட்டிபிக்கற்?’ என்று கேட்பது கொடுமை. உங்கள் தலைமுறைக்கு அந்தச் சாட்டு இல்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் ஜேர்மன் பயிற்சி நிறுவகமே 2016இல் வந்துவிட்டது.

அடுத்தது, என் கணிப்பில் மற்ற எல்லாத் தாள்களையும்விடக் கனமானது: ரெஸ்ற் றிப்போட், அதாவது வயரிங்கைச் சோதித்துப் பார்த்த அறிக்கை. என்.வி.கியூ ஆளைப் பற்றிச் சொல்லும். இந்த வீடு, இன்றைக்கு, மின்சாரம் கொடுக்கக் கூடிய நிலையில் இருக்கிறதா என்று அது சொல்லாது. புது இணைப்பு எடுக்கும்போது மின்சார சபை கேட்பதும் இதைத்தான். யாருடைய கையெழுத்தை ஏற்பார்கள் என்று உங்கள் பகுதிப் பாவனையாளர் சேவை நிலையத்தில் வேலை தொடங்க முன்பே கேட்டு வையுங்கள். வீட்டை முடித்துவிட்டுப் பட்டயப் பொறியியலாளரைத் தேடி ஓடுகிறவர்கள் என்னிடமும் வருவார்கள். அந்த நேரத்தில் பிழை கண்டால் பூசிய சுவரை உடைக்க வேண்டும், வீட்டுக்காரர் என்னைத்தான் முறைப்பார்.

பழைய வீடு என்பதால் மூன்று விசயத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். ஒன்று மெகர் சோதனை, அதாவது வயரின் காப்பு எவ்வளவு நல்லது என்று அளப்பது. எல்லா உபகரணத்தையும் கழற்றி, பல்ப்பையும் எடுத்துவிட்டு, 500 வோல்ற்றில் பிடிக்கும்போது 1 மெகாஓமுக்குக் கீழே வந்தால் அந்தச் சேர்க்கிற்றை மூடிக் கட்டக் கூடாது. இன்னொன்று ட்ரிப் சுவிச், அதாவது மின்கசிவு கண்டால் தானாக விழுந்து மின்சாரத்தை வெட்டுவது. பட்டனை அமத்தினால் விழுகிறது, ஆகவே நல்லது என்று நினைக்கிறவர்கள் அதிகம். பட்டன் அந்தப் பெட்டிக்குள் இருக்கிற பொறியை மட்டும்தான் பார்க்கிறது; ஏர்த் கம்பி மண்ணோடு சேர்ந்திருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. ஏர்த் வயரை முற்றாகக் கழற்றிவிட்டு அமத்திப் பாருங்கள், அப்போதும் டக்கென்று விழும். 30 மில்லிஅம்பியர் ட்ரிப்பை ரெஸ்ற்றரால் சோதித்து, அந்த அளவுக் கசிவில் 300 மில்லிசெக்கனுக்குள் விழுகிறதா, பாதி அளவில் விழாமல் நிற்கிறதா என்று எழுதி வையுங்கள்.

மூன்றாவது ஏர்த். எங்கள் வீடுகளுக்கு ஏர்த்தை மின்சார சபை கொண்டுவந்து தருவதில்லை, எங்கள் காணிக்குள் நாங்கள் நடுகிற கம்பிதான் ஏர்த். வலிகாமத்துச் செம்மண் மேலே பார்க்க ஆழம்போல இருக்கும், இரண்டு மூன்று அடியில் சுண்ணாம்புக்கல் தட்டும். சம்மட்டியால் அடித்து அடித்துக் கம்பியின் தலை காளான் மாதிரி விரிந்த பிறகு என்ன நடக்கிறது? வெளியே நிற்கிற மிச்சத்தை ஹக்சோவால் அறுத்து, வெட்டிய முனையில் கிளாம்பைப் பூட்டி, மேலே சீமெந்துக் கிடங்கு கட்டி மூடியும் போட்டுவிடுகிறார்கள். பார்த்தால் பாடப்புத்தகத்துப் படம் தோற்றுப்போகும். கீழே இருப்பது இரண்டடிக் கம்பி. கார்த்திகை மழையில் அளந்தால் நல்ல எண் வரும். ஆடி மாதம் மண் காய்ந்து வெடித்த பிறகு அளந்தால் பல மடங்கு ஏறியிருக்கும். 200 ஓமைத் தாண்டினால் அந்த ஏர்த்தை நம்பக் கூடாது என்பது எங்கள் தொழிலில் பொதுவான கணக்கு. கல் தட்டினால் அறுக்காதீர்கள். இடத்தை மாற்றுங்கள், கிணற்றடித் தண்ணீர் ஓடுகிற வாழைப்பாத்திப் பக்கம் மண் வருடம் முழுக்க ஈரமாக இருக்கும். அங்கேயும் கல் என்றால் இரண்டு மூன்று கம்பிகளை இடைவெளி விட்டு நட்டுச் சேருங்கள், அல்லது நீளமாகக் கிடங்கு வெட்டிச் செப்புப் பட்டியைப் படுக்கையாகப் புதையுங்கள். வேலைக்கூலி கொஞ்சம் கூடும்தான். தாயார் தனியே இருக்கிற வீடு, ஈரக் காலோடு கிணற்று மோட்டர் சுவிச்சைப் போடப் போகிறவர் அவர்தான் என்று மகனுக்கு எழுதினால் அந்தக் காசை மறுக்கமாட்டார்.

பழைய உருளைக் கால் பிளக்குகளைத் திரும்பப் பூட்ட வேண்டாம். 13 அம்பியர் சதுரக் கால் பிளக்தான் நாட்டின் நியமம் என்று வந்துவிட்டது. மற்றவற்றை விற்பதே 2018 ஓகஸ்ற்றிலிருந்து தடை. அப்புறம், கனடாவிலிருந்து வந்த பிளெண்டரைப் பூட்ட அடப்டர் கேட்டால், அங்கே 120 வோல்ற், இங்கே 230 என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

வெளிநாட்டில் இருக்கிறவருக்கு வேலை செய்யும்போது படம்தான் உங்கள் சாட்சி. சுவரைப் பூசி மூட முன், கொண்டியூட் ஓடிய பாதையை அளவுநாடா தெரியும்படி ஒவ்வோர் அறையிலும் எடுங்கள். பொயின்ற் கணக்கில் (லைற், பிளக் என்று ஒவ்வோர் இணைப்புக்கும்) கூலி பேசினால் எது ஒரு பொயின்ற் என்று முதலே எழுதுங்கள். இரண்டு வழிச் சுவிச் ஒன்றா இரண்டா என்று பிறகு சண்டை வரும். காசைக் கட்டம் கட்டமாக வாங்குங்கள், கடைசிக் கட்டத்தை ரெஸ்ற் றிப்போட்டோடு கோருங்கள். வேலை முடிந்த பிறகு அவரிடம் ஒரு கடிதமும் கேளுங்கள், நைற்றாக் கோப்புக்கு உதவும்.

இனித் தெருவிளக்கு. உள்ளூராட்சிச் சபைகள் வருடா வருடம் வழங்குநர், ஒப்பந்தகாரர் பதிவுக்கு அறிவித்தல் போடும். அதில் பதிந்தால்தான் சின்ன வேலைகளுக்கு விலை கேட்டுக் கடிதம் வரும். வியாபார வரி ரசீதை அங்கே இணைக்கக் கேட்கலாம், ஆனால் அது தனியே போதாது. வேலையின் பெறுமதி ஏறினால் நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபையின் பதிவும் தரமும் கேட்பார்கள். அது 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின்படி இயங்குகிறது, மின் நிறுவல் வேலைக்கு அங்கே தனி வகை உண்டு. 50 இலட்சத்துக்கு மேற்பட்ட அரச கேள்விப்பத்திரம் (டெண்டர்) என்றால் 1987இன் பொது ஒப்பந்தங்கள் சட்டப் பதிவு வேறு. உங்களுக்கு இப்போது அவ்வளவு தூரம் தேவையில்லை. சபைப் பதிவோடு தொடங்குங்கள்.

தெருவிளக்கில் எனக்குப் பயம் காகிதத்தைப் பற்றியது அல்ல. விளக்கு சபையுடையதாக இருக்கலாம், அது தொங்குகிற தூணும் பக்கத்தில் ஓடுகிற கம்பியும் மின்சார சபையுடையவை. லைன் நிறுத்தியதை அவர்கள் உறுதிப்படுத்தாமல் ஏணி வைக்கக் கூடாது. ‘சின்ன வேலை தம்பி, பல்ப் மாத்துறதுதானே, லைனோட செய்’ என்று யாராவது அவசரப்படுத்துவார்கள். தேர்த் திருவிழாவுக்கு முதல்நாள் என்றால் இன்னும் அவசரப்படுத்துவார்கள். மறுத்துவிடுங்கள், அந்த வேலை போனால் போகட்டும். நீங்கள் இப்போது தொழில்தருநர். பொடியனுக்கு வேலையில் ஒன்று நடந்தால் வேலையாளர் நட்டஈட்டுச் சட்டம் உங்கள் கதவைத்தான் தட்டும். அவர்களுக்கு ஊழியர் சேமலாப நிதி கட்டுகிறீர்களா? சம்பளத்தில் அவர்களிடம் 8 வீதம், உங்கள் பங்கு 12 வீதம், அதோடு நம்பிக்கை நிதிக்கு 3 வீதம். ‘பொடியன்கள் நாட்கூலிதானே’ என்று தள்ளிப்போடுகிறவர்கள் பிறகு தொழிற் திணைக்களத்தில் வரிசையில் நிற்பதைப் பார்க்கிறேன்.

போர்டில் என்ன எழுதலாம் என்றால், உள்ளதை எழுதுங்கள்: வியாபாரப் பெயர், அதன் பதிவு இலக்கம், தொலைபேசி. என்.வி.கியூ கைக்கு வந்த பிறகு மட்டத்தையும் இலக்கத்தையும் சேருங்கள். ‘அரச அனுமதி பெற்ற’ என்ற வார்த்தையை மட்டும் தொடாதீர்கள். ஒரு வீட்டில் தீ பிடித்து, காப்புறுதிக்காரர் வந்து ‘எந்த அனுமதி, காட்டுங்கள்’ என்று கேட்கிற நாளில் வரி ரசீதை நீட்ட முடியாது.

சோலாரை இப்போதைக்குத் தனியாக எடுக்காதீர்கள். அதற்கு நிலைபெறுதகு வலு அதிகாரசபையில் பதிந்த நிறுவனங்கள் இருக்கின்றன. வலையோடு இணைக்கிற அனுமதியை மின்சார சபையிடம் எடுப்பதும் அவர்கள் ஊடாகத்தான் சுகம். அவர்களில் ஒருவருக்குக் கீழே சில கூரைகள் செய்து பழகுங்கள். வீட்டு வயரிங்கில் மெயின் சுவிச்சை விழுத்தினால் உங்கள் பக்கம் செத்துவிடும். கூரையில் அப்படி இல்லை, தொடராகக் கட்டிய தகடுகள் பல நூறு வோல்ற் நேரோட்டத்தை வெயில் இருக்கும் வரைக்கும் தந்துகொண்டே இருக்கும். பொருந்தாத கனெக்ரரைப் பூட்டினால் அந்த மூட்டு மெல்ல மெல்லச் சூடேறி உருகும். அந்த நிறுவனத்தில் கேட்கும்போது, கனெக்ரர் அழுத்துகிற கிரிம்பிங் கருவி எந்த வகை வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். குறட்டால் நசுக்குகிறவர்களாக இருந்தால் வேறு இடம் தேடுங்கள்.